131 நிமிடங்கள்: வளாக எச்சரிக்கை தாமதமாவது எங்கே?

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை காலை சுமார் 7.15 மணிக்கு வெஸ்ட் ஆம்ப்ளர் ஜான்ஸ்டன் என்ற மாணவர் விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். 7.20க்குத் தகவல் கிடைத்து, 7.24க்குப் பல்கலைக்கழகக் காவலர்கள் அங்கே வந்துவிட்டார்கள். 8.25க்கு உயர் அலுவலர்களின் குழு கூடிவிட்டது. வளாகத்துக்கு முதல் மின்னஞ்சல் போனபோது மணி 9.26. அதிலிருந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, 9.40 அளவில் விடுதியில் சுட்ட அதே ஆள் நாரிஸ் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்தின் வாசல் கதவுகளை உள்ளிருந்து சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு 30 பேரைக் கொன்றான். விடுதியில் இறந்த இருவரோடு சேர்த்து 32 உயிர்கள்.

7.15க்கும் 9.26க்கும் இடையே 131 நிமிடங்கள். மின்னஞ்சல் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காவலர்களும் நான்கே நிமிடத்தில் வந்தார்கள். அப்படியென்றால் நேரம் போனது எங்கே? ஒரு கல்லூரியோ பல்கலைக்கழகமோ எச்சரிக்கை ஏற்பாடு செய்யும்போது சைரன் என்ன விலை, எந்த ஆப் நல்லது என்று விசாரிக்கும் முன் விடை தேட வேண்டிய கேள்வி இதுதான்.

முதல் பங்கு ஓர் ஊகத்தில் போனது. விடுதியில் சுடப்பட்ட இருவரில் ஒருவர் மாணவி; அவருடைய ஆண் நண்பர்தான் சுட்டிருக்கலாம், இது தனிப்பட்ட தகராறு, ஆள் வளாகத்தை விட்டு வெளியேறியிருப்பான் என்று காவலர்கள் நினைத்தார்கள். புலனாய்வுக்கு அப்படி ஒரு ஊகம் தேவைதான். ஆனால் அது கூட்ட அறைக்குள் நுழைந்ததும் ‘ஆபத்து நீங்கிவிட்டது’ என்ற பொருளில் எடுத்துக்கொள்ளப்பட்டது. சுட்டவன் பிடிபடவில்லை, துப்பாக்கியும் கிடைக்கவில்லை என்ற இரண்டு உறுதியான விஷயங்கள் பின்னுக்குப் போய்விட்டன.

இரண்டாவது பங்கு அதிகாரத்தில் போனது. சம்பவ இடத்தில் நின்ற காவல் துறையால் தானாக ஒரு செய்தியை அனுப்ப முடியாது. அனுப்புவதற்கான குறியீடு மக்கள் தொடர்புப் பிரிவின் கையில் இருந்தது. ஆக, தெரிந்தவரிடம் பொத்தான் இல்லை. பொத்தான் இருந்தவருக்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும். மேலிடமோ கூட்டத்தில் இருந்தது.

மூன்றாவது பங்கு, ‘பீதி கிளம்பிவிடுமே’ என்ற தயக்கம். இது எல்லா நாட்டு நிர்வாகத்துக்கும் பொதுவான தயக்கம். பேரிடர் ஆய்வுகளுக்காகவே 1963இல் ஓஹையோவில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான சமூகவியலாளர் என்ரிகோ குவாரன்டெல்லி பல ஆண்டுகள் கள ஆய்வு செய்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சொன்னது, ஆபத்தில் மக்கள் தறிகெட்டு ஓடுவது அபூர்வம் என்பதைத்தான். பெரும்பாலும் நடப்பது நேர் எதிரான கோளாறு: செய்தி வந்தும் நகராமல் இருப்பது. பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பது, நண்பருக்குப் போன் போட்டு ‘உனக்கும் வந்ததா?’ என்று கேட்பது, ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது. இப்படிச் சரிபார்த்துக்கொள்ளக் கழியும் நேரத்தைச் சுருக்குவதுதான் நல்ல எச்சரிக்கையின் வேலை.

வர்ஜீனியா ஆளுநர் அமைத்த விசாரணைக் குழு அந்த ஆண்டு ஆகஸ்டில் அறிக்கை தந்தது. 2,600 ஏக்கர், 131 பெரிய கட்டடங்கள் கொண்ட ஒரு சிற்றூரை ஒரே நேரத்தில் பூட்டிவிட முடியாது என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் செய்தி முன்னதாகவே போயிருக்க வேண்டும் என்றது.

சட்டம் என்ன சொல்கிறது

அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் 1986இல் ஜீன் க்ளெரி என்ற மாணவி கொல்லப்பட்டதையடுத்து, பெற்றோரின் போராட்டத்தால் 1990இல் வந்தது க்ளெரி சட்டம். வளாகக் குற்றங்களை மறைக்காமல் வெளியிட வேண்டும், தொடரும் ஆபத்து இருந்தால் உரிய காலத்தில் எச்சரிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ‘உரிய காலம்’ எவ்வளவு என்பதில்தான் வர்ஜீனியா டெக்குக்கும் அமெரிக்க மத்தியக் கல்வித் துறைக்கும் பல ஆண்டு வழக்காடல் நடந்தது. அபராதம் விதித்து, ரத்தாகி, மீண்டும் விதிக்கப்பட்டது.

2008இல் சட்டத்தில் இன்னொரு கடமை சேர்ந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து தரும் எதுவானாலும் சரி, துப்பாக்கி ஆளோ, வாயுக் கசிவோ, சூறாவளியோ, உறுதியானதும் உடனே அறிவிக்க வேண்டும். இங்கே ‘உறுதி’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆபத்து உண்மைதான் என்று பொறுப்பான ஒருவர் சரிபார்த்துவிட்டால் போதும். யார், எதனால், எத்தனை பேர் என்ற விவரமெல்லாம் தெரிந்தாக வேண்டியதில்லை என்று கல்வித் துறை 2020 வரை வைத்திருந்த கையேடு விளக்கியது. தாமதிக்க ஒரே விலக்கு, செய்தி போவதால் பாதிக்கப்பட்டவர்களை மீட்பதோ நிலைமையைக் கட்டுப்படுத்துவதோ கெட்டுவிடும் என்றால் மட்டும். யார் முடிவெடுப்பார், யார் அனுப்புவார் என்பதைப் பதவிப் பெயரோடு எழுதி வெளியிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்து, தேதி, நேரம், முன்கூட்டி அறிவித்ததா இல்லையா என்று பதிந்து வைக்க வேண்டும்.

நம் ஊர் வளாகங்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் பதவிப் பெயரை எழுதும் அந்த ஒரு வேலையை எந்த வளாகமும் நாளைக்கே செய்யலாம். எங்கள் கணிப்பில் முதல் செய்தியை அனுப்பும் அதிகாரம் துணைவேந்தருக்கோ பதிவாளருக்கோ இருக்கக் கூடாது. இரவு 2 மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் விழித்திருக்கும் ஷிப்ட் பொறுப்பாளருக்கு இருக்க வேண்டும். அவர் அனுப்பிவிட்டு மேலே சொல்லட்டும். இரண்டாவது செய்தியிலிருந்து பதிவாளர் பார்த்துத் தரலாம். முதல் செய்திக்கு ஒப்புதல் கேட்க வேண்டும் என்று வைத்தால் 131 நிமிடத்துக்கு நாமும் அடி போட்டாயிற்று என்று பொருள். பொறுப்பாளர் தவறாக அனுப்பிவிட்டால்? நல்ல எண்ணத்தில் அனுப்பியதற்காக மெமோ வராது என்று எழுத்தில் கொடுங்கள். அது இல்லாத இடத்தில் அதிகாரம் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

சுற்றறிக்கைத் தமிழ்

9.26க்குப் போன அந்த மின்னஞ்சல் சொன்னது இவ்வளவுதான்: விடுதியில் இன்று காலை ஒரு துப்பாக்கிச் சூட்டுச் சம்பவம் நடந்தது, காவல் துறை விசாரிக்கிறது, எல்லாரும் எச்சரிக்கையாக இருக்கவும், சந்தேகமாக ஏதாவது கண்டால் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இருவர் சுடப்பட்டது இதில் இல்லை. சுட்டவன் வெளியே திரிகிறான் என்பது இல்லை. வகுப்புக்குப் போகலாமா கூடாதா என்பதும் இல்லை. அன்று அடுத்த வகுப்பு 9.05க்கே தொடங்கிவிட்டது, முதல் ஐபோனே அந்த ஆண்டு ஜூனில்தான் கடைக்கு வந்தது. வகுப்பில் உட்கார்ந்திருந்தவர் மின்னஞ்சலைப் பார்க்க வழியே குறைவு.

படிக்கும்போது நமக்கு ஏதோ பழகின நடை மாதிரி இருக்கிறதல்லவா? நம் அலுவலகங்களின் சுற்றறிக்கை நடையும் இதேதான். செய்பவர் மறைந்து, செய்ய வேண்டியதும் மறைந்து, ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ மட்டும் மிஞ்சும்.

எச்சரிக்கைச் செய்திகளை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் டென்னிஸ் மிலெட்டியும் அவரோடு பணியாற்றியவர்களும் ஒரு செய்தியில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும் என்றார்கள். சொல்வது யார், என்ன ஆபத்து, எந்த இடத்தில், என்ன செய்ய வேண்டும், எந்த நேரத்துக்குள். இவற்றில் ஒன்று விட்டுப்போனால், அதைத் தெரிந்துகொள்ளத்தான் மக்கள் போனை எடுக்கிறார்கள். அந்தக் காலை 7.45க்குப் போயிருக்கக்கூடிய செய்தியை இப்படி எழுதலாம்: ‘பல்கலைக்கழகக் காவல் துறை: ஜான்ஸ்டன் விடுதியில் 7.15க்கு இருவர் சுடப்பட்டனர். சுட்டவர் பிடிபடவில்லை. இருக்கும் கட்டடத்திலேயே இருங்கள், இப்போதே கதவைப் பூட்டுங்கள். வகுப்புக்குக் கிளம்ப வேண்டாம். அடுத்த செய்தி 8.15க்கு.’ கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்த செய்தி எப்போது என்று சொன்னால்தான் ஆயிரம் பேர் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போடாமல் இருப்பார்கள். சொன்ன நேரத்தில் புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும் ‘மாற்றமில்லை, அப்படியே இருங்கள்’ என்றாவது அனுப்பியாக வேண்டும்.

70 இடங்கள்

இனி கைப்பேசியின் கணக்கு. ஒரு எஸ்எம்எஸ் 140 பைட். ஆங்கில எழுத்தானால் 160 கொள்ளும். தமிழில் எழுதினால் ஒருங்குறி (யூனிகோட்) முறைக்கு மாறி 70 இடம்தான். அந்த 70-ம் நாம் எண்ணும் எழுத்து அல்ல. புள்ளி, கால், கொம்பு ஒவ்வொன்றும் தனி இடம் பிடிக்கும். ‘வேண்டாம்’ நமக்கு நான்கு எழுத்து, போனுக்கு எட்டு.

‘தீ! நூலகம் 2ஆம் மாடி. படி வழியே வெளியேறுக. லிஃப்ட் வேண்டாம்.’ இதைக் காகிதத்தில் எண்ணினால் இடைவெளி, நிறுத்தக்குறியோடு 40. போன் எண்ணினால் 60. ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கிவிடும். இப்போது இதைப் பாருங்கள்: ‘மாணவர்கள் அனைவரும் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’. தீ எங்கே, என்ன செய்ய என்று ஒரு சொல் இல்லை. அதற்குள் 82 இடம் போய்விட்டது. கடைசிச் சொல் மட்டுமே 27.

70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளைச் சேர்க்கும் குறிப்புக்கும் இடம் வேண்டியிருப்பதால் ஒவ்வொரு துண்டிலும் 67 இடம்தான் மிஞ்சும். நெரிசல் நேரத்தில் இரண்டாம் துண்டு பின்தங்கினால், வந்த துண்டு போனில் காட்டப்படாமலே காத்திருக்கலாம், அல்லது பாதி வாக்கியமாகத் தெரியலாம். நேரமும் இரட்டிக்கும். உங்கள் சேவை நிறுவனம் விநாடிக்கு 100 செய்தி தள்ளும் என்று வைத்துக்கொண்டால், 20,000 பேருக்கு ஒரு துண்டுச் செய்தி போய்ச்சேர 200 விநாடி. இரண்டு துண்டென்றால் 400 விநாடி, அதாவது ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒப்பந்தம் போடும்போது கேட்க வேண்டியது செய்திக்கு எத்தனை பைசா என்பதோடு, விநாடிக்கு எத்தனை என்பதையும்.

இந்தியாவில் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் 2018 விதிமுறைப்படி மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ்ஸின் அனுப்புநர் பெயரும் வாசகமும் முன்கூட்டியே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவேடான டிஎல்டி தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வாசகம் பதிவோடு பொருந்தாவிட்டால் செய்தி வழியிலேயே நிறுத்தப்படும். 2021 மார்ச்சில் இந்தச் சரிபார்ப்பைக் கறாராகத் தொடங்கிய அன்று வங்கி ஓடிபிகளே தடுமாறி, சில நாள் தள்ளிவைத்தார்கள். தீப்பிடித்த பிறகு உட்கார்ந்து எழுதிய அருமையான வாசகம் ஒருவருக்கும் போகாது. அதனால் தீ, வாயுக் கசிவு, வெள்ளம் அல்லது புயல், வன்முறை, நிலைமை சீர், முந்தைய செய்தி தவறு என்று ஆறு வாசகமாவது தமிழிலும் ஆங்கிலத்திலும் இன்றே பதிந்து ஒப்புதல் வாங்கி வைக்க வேண்டும். இடத்தின் பெயருக்கு மட்டும் காலியிடம் விடலாம். வடமாநில மாணவர்கள், மெஸ் ஊழியர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள் இருக்கும் வளாகமானால் இந்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தானியங்கிக் குரல் அழைப்பை நம்புகிறவர்கள் இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அலுவலகங்களுக்குத் தரப்படும் பல வழித் தொலைபேசி இணைப்பான பிஆர்ஐ ஒன்றில் ஒரே நேரத்தில் 30 அழைப்பு. மணி அடித்து, எடுத்து, கேட்டு முடிக்க அழைப்புக்கு ஒரு நிமிடம். 6,000 விடுதி மாணவர்களுக்கு 200 நிமிடம். விடுதிக் காப்பாளர்கள், பாதுகாப்பு மேற்பார்வையாளர்கள் என்று 50 பேரை எழுப்ப அது போதும். மொத்த வளாகத்துக்கு ஆகாது. வாட்ஸ்அப் குழுவோ பாதிப் பேர் போனில் ‘மியூட்’டில் கிடக்கும். மற்றவர்களும் எழுதலாம் என்று திறந்துவிட்டால் உங்கள் செய்தி ‘உண்மையா சார்?’களுக்கு அடியில் புதைந்துபோகும். சைரன் வெளியில் இருப்பவர்களுக்கானது. தூரம் இரட்டிக்க இரட்டிக்கச் சுமார் 6 டெசிபல் குறையும், ஏசி ஓடும் மூடிய வகுப்பறைக்குள் போவதே இல்லை.

எந்த மணியையும் இரண்டு காரியத்துக்கு வைக்கக் கூடாது. தீ மணி அடித்தால் வெளியே வா என்றுதான் பொருள். 2018 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் துப்பாக்கிச் சூட்டில் கிளம்பிய தூசியால் தீ மணி அடித்துவிட, பிள்ளைகள் வகுப்பை விட்டு நடைபாதைக்கு வந்தார்கள். ‘உள்ளே இரு’ என்று சொல்ல மனிதக் குரல் அறிவிப்பு வேண்டும்.

தவறான செய்தி போனால்

2016 நவம்பர் 28 காலை 9.52க்கு ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒருவன் காரைக் கூட்டத்தில் ஏற்றி, இறங்கிக் கத்தியால் தாக்கினான். ஒரு நிமிடம் போலத்தான். அருகில் இருந்த காவலர் அவனைச் சுட்டு வீழ்த்திவிட்டார். அடுத்த சில நிமிடத்தில் மாணவர்களுக்கு வந்த செய்தி ‘வளாகத்தில் துப்பாக்கி ஆள், ஓடு, ஒளி, போராடு’ என்றது; கட்டடத்தின் பெயரையும் தெருவையும் சொன்னது. ஆயுதம் தவறு. ஆனாலும் அதை நாங்கள் நல்ல செய்தி என்றே சொல்வோம். அந்த இடத்துக்குப் போகாதே என்பது சரியாக இருந்தது, வேகமும் இருந்தது. சிக்கல் மறுமுனையில் இருந்தது: வளாகம் ஒன்றரை மணி நேரம் போல மேசை நாற்காலிகளைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் காத்திருந்தது. இன்னொருவன் இருக்கிறானா என்று கட்டடம் கட்டடமாகப் பார்த்து முடிக்காமல் ‘சரியாகிவிட்டது’ என்று சொல்ல முடியாதுதான். ஆனால் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதைச் சொல்லலாம்.

மறுப்புச் செய்தியை முன்பே எழுதி வைக்காததன் விலை ஹவாயில் தெரிந்தது. 2018 ஜனவரி 13 காலை 8.07க்கு, ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல என்று மாநிலம் முழுக்கக் கைப்பேசிகள் அலறின. பயிற்சியின்போது நேர்ந்த பிழை. அதே வழியில் ‘தவறான செய்தி’ என்று திருத்தம் வர 8.45 ஆகிவிட்டது; 38 நிமிடம். அப்படியொரு வாசகம் அமைப்புக்குள் தயாராக இல்லை. ஆளுநர் டேவிட் இகேக்கு இரண்டே நிமிடத்தில் உண்மை தெரிந்தும் தமது ட்விட்டர் கணக்கின் கடவுச்சொல் தெரியாமல் நின்றார் என்று பிறகு அவரே சொன்னார். சிரிக்கலாம், சிரித்துவிட்டு, உங்கள் கல்லூரிப் பக்கத்தின் கடவுச்சொல் இந்த நிமிடம் யாரிடம் இருக்கிறது, அவர் விடுப்பில் போனால் யாரிடம் இருக்கும் என்று விசாரித்துப் பாருங்கள்.

கதவும் கேட்டும்

‘கதவைப் பூட்டுங்கள்’ என்ற செய்தி போனால் பூட்ட ஒரு கதவு வேண்டும். 2016 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, பல வகுப்பறைக் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை, உள்ளிருந்து பூட்ட வழியில்லாதவை. மாணவர்கள் பெல்ட்டையும் வயரையும் கைப்பிடியில் கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நம் பக்கத்தில் நிலைமை வேறு விதம்: தாழ்ப்பாள் இருக்கும், ஆனால் விடுதியின் பின்வாசல் இரவில் வெளியிலிருந்து பூட்டியிருக்கும், சாவி ஒரே ஒருவரிடம். தீ விபத்தில் ‘படி வழியே வெளியேறுக’ என்பது அந்தப் பூட்டு வரைக்கும்தான். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கம்பிக் கதவும், திறந்தால் அலறும் மணியும் இருந்தால் இரவுக் கட்டுப்பாடும் இருக்கும், உயிரும் இருக்கும்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு உங்கள் வளாகம் அந்நிய ஊர். 108 ஓட்டுநருக்கு ‘மெக்கானிக்கல் பிளாக் பின்னாடி’ என்றால் ஒன்றும் புரியாது. கேட்டுகளுக்கு எண் கொடுத்து, அழைப்பவர் ‘3ஆம் எண் கேட்’ என்று சொல்லவும், அந்த கேட்டில் ஒரு ஆள் டார்ச்சோடு நின்று வண்டிக்கு முன் வழிகாட்டிப் போகவும் ஏற்பாடு வேண்டும். வண்டி நுழையும் கேட்டும், மாணவர்களை வெளியேற்றும் கேட்டும் வேறு வேறாக இருக்கட்டும்.

சோதனையை அசெம்பிளி நேரத்தில், எல்லாரும் நிற்கும்போது வைப்பதில் புண்ணியமில்லை. ஒரு முறை இரவு 9 மணிக்கு, ஒரு முறை செய்முறை வகுப்பு நடக்கும்போது. செய்தியின் முதல் சொல்லே ‘ஒத்திகை’ என்றிருக்க வேண்டும். அனுப்பியது எத்தனை, போய்ச்சேர்ந்தது எத்தனை, எத்தனை விநாடியில் என்ற அறிக்கையைச் சேவை நிறுவனத்திடம் அன்றே வாங்குங்கள். போய்ச்சேராத எண்கள் பெரும்பாலும் முதலாண்டில் சேரும்போது கொடுத்த அப்பாவின் எண்ணாக, அல்லது சிம் மாற்றிய எண்ணாக இருக்கும். தேர்வுக் கட்டணம் கட்டும் பக்கத்திலேயே ‘உங்கள் எண் இதுதானா?’ என்று கேட்டுவிட்டால் பட்டியல் பருவத்துக்கு ஒருமுறை தானே சீராகும்.

போனே இல்லாத ஒத்திகை ஒன்றும் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2016 டிசம்பர் 12 வர்தா புயலிலும் சென்னையில் மின்சாரமும் போன் கோபுரங்களும் சேர்ந்தே படுத்தன. அந்த நிலையில் செய்தி காலால்தான் போகும்: கட்டடத்துக்கு இருவர், எழுதிய வாசகத்தோடு, எந்த மாடியை யார் பார்ப்பது என்ற முன்முடிவோடு. பேட்டரி மெகாபோன் விடுதிக்கு ஒன்று. பேட்டரியை உள்ளே போட்டு வைத்தால் கசிந்து முனையை அரித்துவிடும். உறையோடு கைப்பிடியில் டேப் போட்டு ஒட்டி, வாங்கிய தேதியை மேலே எழுதி வையுங்கள்.